முதற்பாட்டுக்கு ஓர் அவை வேண்டும்

பி.எஸ்ஸி. (இயற்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவி

நம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். பேச்சு, கவிதை, கோலம், பாட்டு எனத் தலைப்புகள் இருக்கும். பேச்சுக்குக் கீழே பெயர்கள் அடுத்த தாள் வரை நீளும். பாட்டுக்குக் கீழே ஏழெட்டுப் பெயர்களுக்கு மேல் ஏறுவதில்லை. அவர்களும் பெரும்பாலும் சிறு வயதிலேயே பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போய் வந்தவர்கள். அல்லது கோயில் பஜனையிலோ தேவாலயப் பாடற்குழுவிலோ வாய் திறந்து பழகியவர்கள். நன்றாகவே பாடுகிறார்கள். அவர்கள்மீது எனக்குப் பொறாமை சிறிதும் இல்லை. என் கேள்வியெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. இத்தனை பேர் படிக்கும் கல்லூரியில் எஞ்சியோருக்கெல்லாம் தொண்டை இல்லையா?

கேட்டுப் பாருங்கள், ஒரே விடைதான் கிடைக்கும்: "எனக்குப் பாட வராது." இப்படிச் சொன்ன தோழியைத்தான் மறுநாள் மாலைப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பிசகாமல் பாடக் கேட்டேன். விடுதிக் குளியலறைகளில் காலை 6 மணிக்கு நடைபெறும் கச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே போனால் எத்தனை குரல்கள்! ஆகவே "வராது" என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளைக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. "எல்லோர் முன்னும் எழுந்து நின்று பாட எனக்கு ஆயத்தம் இல்லை" என்பதே அதன் பொருள். பிறவிக் குரலை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. ஆயத்தத்தைக் கொடுக்க முடியும். கல்லூரி அதைக் கொடுக்க வேண்டும் என்று வாதிடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இவ்வாண்டு அந்தத் தாளில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். வாழ்வில் முதல் முறையாக மேடையில் பாடப் போகிறேன். இது அச்சேறி உங்கள் கைக்கு வரும்போது விழா முடிந்திருக்கும். நான் எப்படிப் பாடினேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிற இந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. எனவே வென்றவள் சொல்லும் அறிவுரையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மைக் முன்னால் நிற்கப் போகும் முதல் ஆளும் நானே. ஆனால் பலர் கேட்கப் பாடிய முதல் ஆள் நான் அல்லேன். என் அப்பாயி ஐம்பது ஆண்டுகள் காவிரிப் படுகை வயல்களில் நடவு நட்டவர். நடவு வயலில் ஒருத்தி முதலடி எடுப்பாள். வரிசையில் குனிந்திருக்கும் இருபது பேரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அடுத்த அடியை அவள் எடுப்பதற்குள் கை ஒரு முடிப்பு நாற்றை நட்டு முடித்திருக்கும். முதலடி எடுப்பவர் எங்கள் ஊரில் பெரும்பாலும் அப்பாயிதான். ஊரில் இழவு விழுந்தால் ஒப்பாரிக்கும் அவரைத்தான் தேடுவார்கள். இறந்தவர் இன்னார், இன்ன ஊரில் பெண் கொடுத்தவர், இன்ன வழக்கில் தோற்றவர் என்பதையெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டில் வைத்துவிடுவார். அவரை இதுவரை யாரும் பாடகி என்று சொன்னதில்லை. அவரும் தம்மை அப்படி நினைத்ததில்லை.

பெயர் கொடுத்திருப்பதை அவரிடம் சொன்னேன். பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"இதுக்கு என்னாத்துக்குடி பயம்? நீ எடுத்துக் குடு, அவங்க பின்னாடி வாங்கிப் பாடுவாங்கள்ல?"

"இல்லே அப்பாயி. அவங்க பாட மாட்டாங்க. உக்காந்து கேப்பாங்க."

"அத்தன பேரும் வாய மூடிக்கிட்டா?" அப்பாயி சற்று நேரம் பேசவில்லை. "அப்பன்னா பயமாத்தான் இருக்கும்."

மேடை அச்சத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. அன்று முதல் இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பொதுவில் பாடுவது புதிதன்று. பேசாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன் பாடுவதுதான் புதிது. வயலில் கேட்பவள் என்று தனியாக ஒருத்தி கிடையாது. கேட்பவளே அடுத்த நொடியில் பாடுபவளாகிவிடுகிறாள். குரல் கம்மினால் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்ளும். அடி மறந்தால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கல்லூரி அரங்கிலோ ஒருத்தி மட்டும் நிற்கிறாள், மற்றவர்கள் கைகட்டி அமர்ந்து அளக்கிறார்கள். முன் வரிசையில் மூன்று நடுவர்கள் எழுதுகோலோடு வேறு! இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைத் தாண்டுவதற்குத்தான் ஆயத்தம் தேவைப்படுகிறது.

அத்தொலைவைத் தாண்டியவர்கள் இல்லாமல் இல்லை. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த கொல்லங்குடி கருப்பாயி வயற்காட்டுப் பாட்டோடு வானொலி நிலையத்துக்குப் போனவர். 1985இல் வெளிவந்த 'ஆண்பாவம்' படத்தில் நடித்துப் பாடித் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டார். பரவை முனியம்மாவையும் அறிவோம். ஆனால் இத்தகைய பெயர்களை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஆயிரத்தில் ஒருவர் தாமே நீந்திக் கரையேறினார் என்பதற்காக மற்றவர்களுக்கு ஓடம் வேண்டாம் என்று ஆகிவிடாது அல்லவா?

அவைக்கு அஞ்சுவது இழிவன்று என்பதற்கு வள்ளுவரே சான்று. 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரத்தையே, 73ஆவது அதிகாரமாக, அவர் வகுத்திருக்கிறார். பகைவர் களத்தில் சாகத் துணிந்தவர்கள் பலர் கிடைப்பார்கள், அவை நடுவே அஞ்சாதவர்கள் கிடைப்பது அரிது என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. அமைச்சர்களுக்கே இந்நிலை என்றால், சென்ற ஆண்டு வரை வகுப்பில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" என்பதையே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தவளின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நாம் பாடத்தில் படிக்கும்போது மாதவியின் ஆட்டத்தையே நினைக்கிறோம். ஆனால் அந்தக் காதையில் பெரும் பகுதி ஆட்டத்துக்கு முந்திய ஏற்பாடுகளைப் பற்றியது. மாதவி 7 ஆண்டுகள் பயின்று 12 வயதில் சோழ மன்னன் அவையில் ஆடுகிறாள். அவளுக்கு ஆடலாசிரியன் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் எப்படிப்பட்டவன், பாட்டு இயற்றிய புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருடைய தகுதியையும் இளங்கோவடிகள் அடுக்குகிறார். அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அளவு சொல்கிறார். தூண்களின் நிழல் ஆடுபவள்மீது விழாதபடி விளக்கை எங்கே வைத்தார்கள் என்பதைக்கூட விடவில்லை. அரங்கேறியவள் ஒருத்திதான், அவளை ஏற்றுவதற்கு ஓர் ஊரே உழைத்திருக்கிறது. நாமோ பத்து நாளைக்கு முன்னால் தாளை ஒட்டிவிட்டு, "மாணவர்களிடம் ஆர்வமே இல்லை" என்று வருந்துகிறோம்.

இனி என் ஆயத்தத்துக்கு வருகிறேன். முதல் இடர் இடம். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது எங்கே நின்று பாடுவது? வாய் திறந்தால் தம்பி சிரிக்கிறான், பக்கத்து வீட்டு அத்தை "என்னடி, சினிமாவுல சேரப் போறியா?" என்கிறார். கல்லூரியில் வகுப்பறைகள் 4 மணிக்குப் பூட்டப்படும். தனியாகச் சத்தம் போட்டுப் பாட ஓர் இடம் வேண்டும் என்பது வெளிப்பார்வைக்குச் சிறிய தேவை. நம் நாட்டில் ஓர் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு அரிது என்பதைத் தேடிப் பார்த்தவர்களே அறிவார்கள். நான் கண்டுபிடித்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்: எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தம். காலை 6.40 பேருந்துக்கு அங்கே என்னைத் தவிர யாரும் வருவதில்லை. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதுதான் என் சுருதிப்பெட்டி!

இது வேடிக்கைக்குச் சொன்னதன்று, கணக்கிட்டுச் சொன்னது. நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி. டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரு முறை விரிந்து சுருங்குவதால் அதிலிருந்து எழும் ரீங்காரம் நொடிக்கு 100 அதிர்வு. அதன் மேல் இணை 200. பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டைச் சுருதியின் சட்சம் நொடிக்கு 196 அதிர்வு. ஆக, எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் ஐந்து கட்டைக்குச் சற்றே மேலே, இரவு பகல் ஓயாமல், காசு வாங்காமல் சுருதி போடுகிறது. மின்வெட்டு நேரத்தில் மட்டும் கச்சேரி கிடையாது.

சுருதியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். முதல் முறை பாடுபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுவே என்பது நான் இரண்டு ஆண்டு விழாக்களில் கண்டது. இப்போது எல்லோரும் செல்போனில் 'கரோக்கி' இசையை இறக்கிக்கொண்டு அதன்மேல் பாடுகிறார்கள். அந்த இசை, படத்தில் பாடியவருடைய சுருதியிலேயே இருக்கிறது. பி.சுசீலாவுக்கும் எஸ்.ஜானகிக்கும் எளிதாக இருந்த உயரம் நமக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பல்லவியில் சமாளித்துவிடுகிறார்கள். சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போது குரல் பிளந்துவிடுகிறது. அரங்கின் பின் வரிசையில் ஊளை எழுகிறது. பாடியவர் இறங்கிப் போகிறார். "எனக்குப் பாட வராது" என்ற கூட்டத்தில் மேலும் ஒருவர் சேர்ந்துவிடுகிறார். அவருக்குப் பாட வரும். பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததால் தோளில் கிழிந்தது, அவ்வளவே.

தம் சுருதியை அறிய இசை படித்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானிச் சோதனைக்காக இசைக்கவைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 256 என்று பொறித்த கவை ஏறத்தாழ ஒரு கட்டை. 384 என்று பொறித்தது ஏறத்தாழ ஐந்து கட்டை. சோதனை முடிந்த பின் ஆசிரியரின் அனுமதியோடு ஒவ்வொன்றாகத் தட்டி, நம் பாட்டின் மிகத் தாழ்ந்த இடமும் மிக உயர்ந்த இடமும் எந்தச் சுருதியில் குரலுக்கு நோகாமல் அடங்குகின்றன என்று பார்த்தோம். நானும் மூன்று தோழியரும் ஒரு மதிய இடைவேளையில் இதை முடித்தோம். எனக்கு ஐந்து, ஒருத்திக்கு நாலரை, ஆண்குரல் போலிருக்கிறது என்று வகுப்பார் கேலி செய்யும் தோழிக்கு மூன்று. தன் குரலுக்கும் ஓர் எண் உண்டு என்று அறிந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நான் பார்த்த வரையில் அந்தப் பெட்டி இவ்வளவு பயன்பட்ட நாள் வேறில்லை.

அடுத்த இடர், நம் குரலை நாமே முதன்முதல் கேட்பது. செல்போனில் பதிந்து கேட்டவுடன், "ஐயோ, இது நானா?" என்று பாட்டை விட்டவர்கள் பலர். இதற்கும் நம் பாடத்தில் விடை இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையெலும்பு வழியாகவும் நம் செவியை அடைகிறது. எலும்பு வழி வருவது தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் காட்டும். பதிவில் காற்று வழி வந்தது மட்டும் இருப்பதால் குரல் மெலிந்து கேட்கிறது. உலகம் என்றும் கேட்டது அந்த மெலிந்த குரலைத்தான். அதைக் கேட்டுத்தான் தாய் நம்மை அடையாளம் கண்டாள். அதைக் கேட்டுத்தான் நண்பர்கள் நம்மோடு பழகுகிறார்கள். நமக்குத்தான் அது புதிது. ஒரு வாரம் நாளும் இருமுறை கேட்டால் கூச்சம் போய்விடுகிறது. அதன் பிறகே மூச்சு எங்கே தீர்கிறது, எந்தச் சொல் விழுங்கப்படுகிறது என்பவை செவிக்குப் புலப்படுகின்றன.

ஆனால் தனியே பாடிப் பழகுவதெல்லாம் பாதி ஆயத்தமே. அப்பாயி சொன்ன அந்த மூடிய வாய்களுக்கு எப்படிப் பழகுவது? நான் ஒரு வழி செய்தேன். விடுதித் தோழி ஒருத்தியை எதிரே உட்கார வைத்து, "கை கட்டிக்கொள், தலையசைக்காதே, சிரிக்காதே, பாட்டு முடியும் வரை என் முகத்தையே பார்" என்று சொல்லிப் பாடினேன். முதல் நாள் வாய் உலர்ந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பாட்டும் ஓட்டமெடுத்தது. அச்சம் வரும்போது உடலில் அட்ரினலின் சுரந்து நாடி விரைவாகிறது. பாடுபவருக்குத் தாம் விரைவது தெரிவதில்லை. ஆகவே பழகிய நடையைவிடச் சற்று மெதுவாக எடுக்கப் பழகினேன். மறுநாள் இருவர். மூன்றாம் வாரத்தில் உணவு இடைவேளையின்போது வகுப்பு மாணவியர் பன்னிருவர். பன்னிருவருக்கு எதிரே நின்றபோது ஒருத்திக்கு முன் நின்ற அளவுக்குக்கூட நடுக்கம் இல்லை. இதற்குப் பணம் செலவில்லை, ஆசிரியர் தேவையில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கும் நட்பு ஒன்று வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால்தான் கல்லூரியைக் கேட்கிறேன்.

மைக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கி பரவாத நாளில் நாடக மேடையேறிய எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் போன்றோர் கடைசி வரிசை வரை கேட்க வேண்டி மிக உயர்ந்த சுருதியில் முழுக்குரலில் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். அந்த வரத்தை நம் கல்லூரியில் விழா நாளன்று, பெயர் அழைத்த பிறகுதான் முதன்முதல் கையில் தருகிறார்கள். வாயருகே கொண்டுபோனால் குரல் தடிக்கிறது, விலக்கினால் மறைகிறது. ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பிவிட்டால் அதுவே கூவத் தொடங்கிவிடுகிறது. இவற்றைப் பழக்கமில்லாத ஒருத்தி நானூறு பேர் முன்னிலையில் தானே கண்டறிய வேண்டுமாம்! சைக்கிள் ஓட்டக் கற்பவரையும் யாரும் கடைத்தெரு நடுவில் ஏற்றிவிடுவதில்லை.

அரங்கு காலியாக இருக்கும்போது ஒரு முறை பாடிப் பார்க்கக் கிடைத்தால் நல்லது; ஆனால் அதையும் முழுதாக நம்பக் கூடாது. காலி அரங்கில் குரல் சுவரில் மோதி மோதிச் செழிப்பாகக் கேட்கும். மக்கள் நிறைந்தால் அவர்கள் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் தொடங்கிச் சபைன் என்னும் அறிஞர் நாற்காலி மெத்தைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தும் எடுத்தும் இதைத்தான் அளந்தார். அவர் பெயரால் அமைந்த வாய்ப்பாட்டைத் தேர்வுக்கு நெட்டுருச் செய்கிறோம். விழா நாளில் "குரல் எடுபடவில்லையே" என்று கலங்கும் தோழிக்கு அதைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம்.

என்ன பாடுவது என்பதில் எனக்கும் தோழியருக்கும் பெரும் வாதம் நடந்தது. புதுப்படப் பாட்டுத்தான் கைதட்டல் வாங்கும் என்றார்கள். அப்பாயியின் நடவுப் பாட்டைப் பாடு, நடுவர்கள் மகிழ்வார்கள் என்றார் ஒருத்தி. நான் இரண்டையும் மறுத்தேன். நடவுப் பாட்டு ஒருவர் பாடும் பாட்டன்று. பின்னால் வாங்கிப் பாட ஆளில்லாமல் அதைத் தனியே பாடினால் ஒரு கால் இல்லாத நாற்காலி போலாகிவிடும். அதைக் காட்சிப் பொருளாக மேடையில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. முடிவில், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பழைய படப் பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன். 29 வயதில், 1959இல் மறைந்த அக்கவிஞர் எங்கள் மண்ணின் பிள்ளை. அவர் சொற்கள் நாக்கில் இடறுவதில்லை. பாட்டின் ஏற்ற இறக்கமும் என் ஐந்து கட்டைக்குள் அடங்குகிறது. எந்த அடியிலிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்கும் அளவுக்கு அது எனக்குப் பாடம். முதல் மேடைக்கு வேறு தகுதி எதையும் பாட்டில் தேடத் தேவையில்லை என்பது என் துணிபு.

அப்பாவிடம் சொன்னபோது "வேண்டாம்" என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தன மணிக்கு முடியும்?" எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து 7.15க்கு. விழாவின் கலை நிகழ்ச்சி சென்ற ஆண்டு தொடங்கியதே 6 மணிக்கு! பேராசிரியப் பெருமக்கள் இதை மன்னித்துப் படிக்க வேண்டும். பாட்டுப் போட்டியில் ஏன் ஒரே பெயர்கள் வருகின்றன என்று ஆராய்பவர்கள், அப்பெயர்களுக்குரியவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். நகரத்தில் இருப்பவர்களும் விடுதியில் இருப்பவர்களுமே மாலையில் பாடலாம். கிராமத்திலிருந்து வரும் மாணவிக்குக் குரல், துணிவு, தந்தையின் இசைவு எல்லாம் இருந்தும் பேருந்து இல்லை. விழாவைப் பகல் 2 மணிக்குத் தொடங்கினால் யாருக்கு என்ன இழப்பு? இவ்வாண்டு என் பெயரை முதலில் அழைப்பதாக மன்றச் செயலர் இசைந்திருக்கிறார். நன்றி. ஆனால் ஒருத்திக்குக் காட்டும் கருணை மற்றவர்களுக்கு வழியாகாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி ஒரு மணி நேரம் சிறிய அரங்கைத் திறந்து வைக்கலாம். ஒரு மைக், முப்பது நாற்காலி. யார் வேண்டுமானாலும் பாடலாம். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. பதிவேட்டில் பெயர்கூட வேண்டாம். கேட்க வருபவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஊளை இடக் கூடாது. எஸ்.பி.பாலசுப்பிரமணியம் முறையாக இசை பயிலாதவர் என்பதும், பொறியியல் மாணவராக இருந்தபோது பாட்டுப் போட்டிகளில் பாடி வளர்ந்தவர் என்பதும் நாம் அடிக்கடி மேடையில் முழங்கும் செய்தி. அத்தகைய ஒருவரை உண்டாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் பாடகர் ஆக வேண்டியதில்லை. நாளை நேர்முகத் தேர்வில் நால்வர் எதிரே வாய் திறக்க வேண்டியவர்கள், வகுப்பறையில் ஆசிரியராக நிற்க வேண்டியவர்கள், ஊர்க்கூட்டத்தில் எழுந்து "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று சொல்ல வேண்டியவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அவர்கள் தம் குரலைத் தாமே கேட்டு நிற்கும் முதல் இடமாக அந்த வெள்ளிக்கிழமை இருக்கும்.

இதைச் சிலரிடம் சொன்னபோது, "தரம் கெட்டுவிடும்" என்றார்கள். தரம் விழா மேடையில் இருக்கட்டும். அங்கே தேர்வும் இருக்கட்டும். நீச்சல் போட்டியில் தரம் பார்க்கலாம். ஆற்றில் இறங்கவே தரம் கேட்டால் யார் நீந்தக் கற்பார்கள்? இன்னும் சிலர், படிப்புக் கெடும் என்றார்கள். மூன்று வாரமாக விடியலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாடுகிறவள் நான். எனக்குக் கெட்டது அரைமணித் தூக்கம் மட்டுமே. ஒலியியல் பாடத்தில் இப்போது தெரிந்த அளவு முன்பு தெரிந்ததில்லை என்பதை என் ஆசிரியர் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

நடவு எந்திரம் வந்த பிறகு எங்கள் ஊர் வயல்களில் பாட்டு அநேகமாக நின்றுவிட்டது. எந்திரம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. குனிந்து குனிந்து நட்ட அப்பாயியின் முதுகைப் பார்த்தவள் அப்படி வருந்த மாட்டாள். ஆனால் முதலடி எடுத்துக் கொடுக்கவும் வாங்கிப் பாடவும் இருந்த ஓர் இடம் அத்தோடு போயிற்று. அப்பாயியின் பாட்டுகளில் பதினொன்றைச் செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை அடுத்த ஆண்டு விழாவில் குழுவாகப் பாடலாம் என்று எண்ணம். ஐவர் வேண்டும், என்னையும் சேர்த்து நால்வர் இருக்கிறோம். ஐந்தாமவளுக்கு நாற்று நடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இசையும் படித்திருக்க வேண்டாம். எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் பாடினால் போதும். கல்லூரி திறந்ததும் மூன்றாமாண்டு இயற்பியல் வகுப்புக்கு வந்து கேளுங்கள்.